முழுசாகக் குணமான பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேண்டுமா?

பிப்ரவரி 3, காலை (கேள்வி)

எனக்கு வயது 31. கட்டட வரைபடம் போடும் வேலை. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வரும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று கண்டுபிடித்து 14 மாதமாக வீட்டில் இருக்கிறேன். ஊசி போட ஆரம்பித்த பிறகு முதுகும் இடுப்பும் ஓரளவு அடங்கியிருக்கின்றன. "அரை நாள் வேலைக்குப் போய்ப் பாருங்கள்" என்கிறார் மருத்துவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போனால் முழு ஆளாகப் போக வேண்டும். பாதி நாள் வந்து பாதியில் கிளம்புகிறவனை யார் மதிப்பார்கள்? இன்னும் ஆறு மாதம் ஆனாலும் சரி, முழுசாகக் குணமாகி ஒரேயடியாகப் போய் உட்கார்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன். நீண்ட நாள் நோயில் கிடந்து திரும்பியவர்கள் சொல்லுங்கள், நான் நினைப்பது தவறா?

பிப்ரவரி 3, இரவு

தவறு என்றுதான் சொல்வேன், தம்பி. நானும் இப்படித்தான் நினைத்தேன். அதிலேயே ஐந்து மாதம் போயிற்று.

எனக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். கணக்குப் பிரிவில் வேலை. 19 மாதம் போகவில்லை. முடக்குவாதத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணி, ரத்தப் பரிசோதனையையும், நமக்கே எப்படி இருக்கிறது என்று நாம் சொல்வதையும் சேர்த்து ஓர் எண் போடுவார்கள். 5.1க்கு மேலே என்றால் நோய் கொதிக்கிறது. 3.2 வரை என்றால் மட்டுப்பட்டிருக்கிறது. 2.6க்குக் கீழே வந்தால் தணிந்துவிட்டது என்று கணக்கு.

பதினான்காம் மாதம் எனக்கு 3.1. "இது போதும், வேலைக்குப் போகலாம்" என்றார் மருத்துவர். 2.6க்குக் கீழே வரட்டும் என்று நான் இருந்துவிட்டேன். அது 3.0 ஆனது, 3.3 ஆனது, மறுபடி 2.9 ஆனது. அந்த ஐந்து மாதத்தில் மூட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தைரியம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தொலைபேசி மணி அடித்தால் அலுவலகமாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கணினியில் கணக்குத் தாளைத் திறந்தால் கண் ஒரு வரியில் நிற்காது. பதினான்காம் மாதத்தில் இந்தப் பயம் எனக்கு இல்லை.

குணம் என்கிற சொல் காய்ச்சலுக்குப் பொருந்தும். நம்முடையவை தணியும், கிளம்பும், மறுபடி தணியும். முழுசாகக் குணமாவதற்குக் காத்திருந்தால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே ஒரு கட்டத்தில் மறந்துபோகும். மருத்துவர் சொன்ன அரை நாளுக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதை இன்று படித்தால் "அரை நாள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு உதவியது அரை நாள் என்பதைவிட எந்த அரை நாள் என்பதுதான்.

முடக்குவாதத்தில் காலை விறைப்பு என்று ஒன்று இருக்கிறது. எழுந்ததும் விரல் மடங்காது. பொத்தான் போட முடியாது. எனக்கு அது ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் இருக்கும். இதற்கு உடலுக்குள் காரணம் உண்டு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்கிற புரதம் இரவின் கடைசிப் பகுதியில்தான் உச்சத்துக்குப் போகிறது. விடிகிற நேரத்தில் கை மரக்கட்டையாக இருப்பது அதனால்தான். பதினொரு மணிக்கு மேல் அதே கை நன்றாக வேலை செய்யும்.

நிர்வாகம் முதலில் எனக்குக் கொடுத்தது ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை. அரை நாள் என்றால் எல்லோர் மனத்திலும் முற்பகல்தான் வருகிறது போல. நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கையை நீட்டி மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் "பதினொன்றிலிருந்து மூன்று வரை வரட்டுமா" என்று கேட்டேன். அதே நான்கு மணி நேரம்தான். செய்து முடித்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சம்பளத்திலும் வருகைப் பதிவிலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அதனால், தம்பி, மணிக்கணக்கு கேட்பதற்கு முன்னால் உங்கள் உடம்பு எந்த நேரத்தில் உங்கள் பேச்சைக் கேட்கிறது என்று ஒரு பத்து நாள் குறித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 4, பிற்பகல்

முதல் நாளைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. மென்பொருளின் பதிப்பே மாறியிருந்தது. எல்லோரும் எழுந்து வந்து பேசினார்கள். அதிலேயே பாதிச் சக்தி போய்விட்டது. பக்கத்து மேசைத் தோழி, "நீங்கள் இல்லாத 19 மாதத்தில் உங்கள் நாற்காலிக்கு நாலு முறை இடமாற்றம், எங்கள் யாருக்கும் ஒன்றுகூட வரவில்லை" என்றாள். அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

முதல் நாள் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடவுச்சொல், நாற்காலி, நாலு பேரிடம் பேச்சு. அந்த நாளுக்கு அது போதும்.

பிப்ரவரி 7

எப்படிக் கூட்டினேன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரம் வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி. நடுவில் ஒவ்வொரு நாள் இடைவெளி. மூன்றாவது வாரம் ஐந்து மணி நேரம், அதற்கடுத்த வாரம் நாலு நாள், இப்படி. ஆறு வாரத்தில் முழு நேரத்துக்கு வந்துவிட்டேன். அட்டவணை போட்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு பழகிவிடும். கொஞ்சம் வலித்தாலும் நிறுத்தாமல் போவதுதான் முக்கியம்.

பிப்ரவரி 9

மேலே 7ஆம் தேதி எழுதியதை எல்லோருக்குமான யோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தயவுசெய்து.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நாள்பட்ட சோர்வு நோய் வந்த ஒரு தோழி எழுதியிருக்கிறார். என் அட்டவணையைப் போலவே ஒன்றைப் பின்பற்றி, மூன்றாவது வாரம் படுத்தவர் எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. நான் சோர்வு என்ற ஒரே சொல்லில் எல்லா நோயையும் போட்டுக் கட்டிவிட்டேன்.

அவர்களுக்கு வருவது வேலை செய்த களைப்பு இல்லை. உழைப்புக்குப் பின் வரும் சரிவு. அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சிரித்துப் பேசி, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழித்துத்தான் அடி விழும். உடம்பு வலி, தலைக்குள் மூட்டம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். உடல் உழைப்புதான் என்றில்லை, ஒரு மணி நேரக் கூட்டத்தில் கவனமாக உட்கார்ந்தாலே போதும். கொரோனாவுக்குப் பிறகு நீண்ட நாள் அவதிப்படுகிற பலருக்கும் இது இருக்கிறது.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு" என்பதை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இவர்களுக்குச் சொன்னது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007இல் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குப் பரிந்துரைத்திருந்தது. 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டுதலில் அதைச் செய்யக் கூடாது என்று மாற்றிவிட்டது. நோயாளிகள் எத்தனையோ ஆண்டு கத்திக் கத்திச் சொன்ன பிறகு வந்த மாற்றம் அது. "கொஞ்சம் வலித்தாலும் நிறுத்தாதே" என்று நான் எழுதியது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் கடைப்பிடிக்கும் வழி இது. இன்று எவ்வளவு முடியும் என்று நினைக்கிறாரோ அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார். இரண்டு நாள் காத்திருக்கிறார். சரிவு வரவில்லை என்றால்தான் அந்த அளவை வைத்துக்கொள்கிறார். கூட்டுவது அப்புறம். இப்போது வாரத்தில் ஆறு மணி நேரம், வீட்டிலிருந்தே, படுத்தபடி மொழிபெயர்ப்பு செய்கிறார். அதுவும் வேலைக்குத் திரும்பியதுதான். அதைப் பாதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 9, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன்.

ஆறு வாரம் என்று எழுதியதும் தவறு. பதினொரு வாரம். ஆறு வாரம் என்பது அலுவலகம் கொடுத்த தாளில் இருந்தது. அந்தத் தாளே நினைவில் தங்கி, நடந்ததை மறைத்துவிட்டிருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் திங்கட்கிழமை முழு நாள் தணிக்கைக் கூட்டம். "நன்றாகப் போயிற்று" என்று அன்று எழுதியிருக்கிறேன். செவ்வாய் வெறும் கோடு. புதன்கிழமைப் பக்கத்தில் வேறு யாரோ எழுதியது போலக் கோணலாக நாலு சொல்: "இடது மணிக்கட்டு. போகவில்லை. அழுகை." அதற்கப்புறம் பத்து நாள் எதுவும் இல்லை.

அட்டவணை என்னை நடத்திச் சென்றது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஏழாவது வாரத்திலிருந்து நான் செய்தது வேறு. அன்றைய வேலை எப்படிப் போயிற்று என்று எழுதுவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை எப்படி எழுந்தேன் என்று மட்டும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். விறைப்பு எத்தனை நிமிடம், பொத்தான் போட முடிந்ததா. மறுநாள் கெட்டிருந்தால் முந்தைய நாள் அதிகம். மறுநாள் நன்றாக இருந்தால் அந்த அளவிலேயே இன்னொரு வாரம். அந்தப் பக்கங்களில்தான் அழுகை என்ற சொல் நின்றுபோகிறது.

வேலை செய்த நாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த நாள் எப்போதும் நம்மை ஏமாற்றும். பழைய இடத்துக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் உடம்பு கடன் வாங்கி ஓடும்.

பிப்ரவரி 14

சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

நான் முதல் வாரத்தில் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்துப் பெயர்வரை. இரண்டு நாளில் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தொட்டால் ஒட்டுமா என்று கேட்டார், பாவம், பயந்துபோய்த்தான் கேட்டார். ஒட்டாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி நம் மூட்டையே எதிரி என்று தாக்குகிற நோய் அது. அதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன், அதற்கப்புறம் அவர்தான் எனக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்.

இப்போதானால் இப்படிச் செய்வேன். மனிதவளப் பிரிவுக்கும் நேரடி மேலாளருக்கும் நோயின் கதை வேண்டாம், அது வேலையில் எங்கே இடிக்கிறது என்பது மட்டும் போதும். "பதினொரு மணிக்கு முன் தட்டச்சு முடியாது. பேனா பிடித்து இருபது நிமிடத்துக்கு மேல் எழுத முடியாது. மாதம் ஒரு காலை ரத்தப் பரிசோதனைக்கு வேண்டும்." இதை எழுத்தில் கொடுங்கள், மருத்துவர் கடிதத்தோடு. வாயால் சொன்னது மேலாளர் மாறினால் போய்விடும். எனக்கு இரண்டு முறை மாறினார்கள். சக ஊழியர்களுக்கு ஒரே வாக்கியம்: "நீண்ட நாள் நோய், கட்டுக்குள் இருக்கிறது, சில நாள் சீக்கிரம் கிளம்புவேன்." அதற்கு மேல் கேட்பவர்களில் யாருக்குச் சொல்வது என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. பத்து வருடமாகத் தேடுகிறேன். பிளாஸ்திரியோடு போன நாளில் எல்லோரும் கதவைத் திறந்துவிட்டார்கள், வெறும் கையோடு போன மோசமான நாளில் யாரும் திறக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்ட தம்பி வந்திருக்கிறார். "அக்கா, எனக்கு ஓய்வெடுத்தால்தான் முதுகு விறைக்கிறது, நடந்தால் சரியாகிறது. எட்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார்வதுதான் பயமாக இருக்கிறது" என்கிறார்.

ஆமாம், உங்கள் நோயின் குணமே அதுதான். சாதாரண முதுகு வலி படுத்தால் குறையும். ஸ்பாண்டிலைட்டிஸ் வலி படுத்தால் கூடும், அசைந்தால் குறையும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலருக்கு நோயைக் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிறது. அப்படியானால் பாருங்கள், இங்கே மூன்று நோய் வந்துவிட்டது. உங்களுக்கு அசைவுதான் மருந்து. எனக்கு நேரம்தான் முக்கியம். அந்தத் தோழிக்கு நிறுத்திக்கொள்ளத் தெரிவதுதான் உயிர். மூன்று பேருக்கும் ஒரே தாளை நீட்டி ஆறு வாரம் என்றால் எப்படிச் சரிவரும்?

நீங்கள் கேட்க வேண்டியது அரை நாளா முழு நாளா என்பதைவிட, உயரம் ஏற்றி இறக்கும் மேசையும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதற்கு அனுமதியும். தளத்துக்குப் போய் அளவெடுக்கும் வேலை உங்கள் பிரிவில் இருந்தால் அதில் கொஞ்சம் கேளுங்கள். ஆறு மாதம் வீட்டில் படுத்திருந்து குணமாகிப் போகலாம் என்கிற திட்டம் உங்கள் முதுகுக்கு நேர் எதிரானது. இதை மூன்றாம் தேதியே சொல்லியிருக்க வேண்டும். என் கதையைச் சொல்லும் அவசரத்தில் உங்கள் நோயை நான் கவனிக்கவில்லை.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. நீண்ட கால உடல் பாதிப்பு உள்ளவர்களையும் அது கணக்கில் எடுக்கிறது. அதன் 27ஆம் பிரிவு வேலையைப் பற்றியது. பணியிடத்தில் நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேலையைத் தக்கவைக்கவும் வேலைக்குத் திரும்பவும் உதவும் திட்டங்களை வளர்க்க வேண்டும் என்றே தனியாக ஒரு வரி இருக்கிறது. நியாயமான என்பதற்கும் பொருள் சொல்லியிருக்கிறார்கள், நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவுக்கு. ஒரு மேசை யாருக்குத் தாங்க முடியாத சுமை? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சலுகை கேட்கிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள்.

பிப்ரவரி 20

மருந்தையும் வேலை நாளையும் எப்படிப் பொருத்துவது என்ற பேச்சு வந்ததால் இது.

நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். முடக்குவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, இதைப் பெரிதாக எழுதி மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கிறேன். எடுத்த மறுநாள் எனக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். முதலில் ஞாயிறு இரவு எடுத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒவ்வொன்றும் நாசம். மருத்துவரிடம் கேட்டு வெள்ளி இரவுக்கு மாற்றினேன். வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, அது வேலை செய்யத் தொடங்கவே பல வாரம் ஆகும். மருந்து மாற்றிய அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பும் தேதியைக் குறிக்காதீர்கள்.

ஒருவர் எழுதியிருக்கிறார், ஸ்டீராய்டால் முகம் உப்பிப்போய்விட்டது, அலுவலகம் போவதற்கு முன்னால் நானே நிறுத்திவிடப் போகிறேன் என்று. வேண்டாம், ஐயா. வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால், உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கலாம். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ நேரலாம், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் இறக்க வேண்டும். அளவு குறையக் குறைய முகம் திரும்பி வரும். எனக்கு வந்தது.

அந்த மருந்தின் கதையும் வேலைக்குத் திரும்புவதோடு சேர்ந்ததுதான். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மருத்துவர் பிலிப் ஹென்ச் முதன்முதலாக முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் என்கிற ஸ்டீராய்டைக் கொடுத்தார். படுக்கையோடு கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. நோய் போய்விட்டது என்றே பலர் நம்பினார்கள். மருந்தை விட்டதும் நோய் திரும்பி வந்தது. கூடவே பக்க விளைவுகளும். அந்த முதல் சில நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாள், நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று தோன்றியது. அந்த நாளில் எடுக்கிற முடிவை எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.

மார்ச் 2

விரல் கோணிப்போன பிறகு கைவேலை செய்ய முடியுமா என்று கேட்ட பெரியவருக்கு: ஓவியர் ரெனுவாருக்கு முடக்குவாதம். 1892 வாக்கில் ஆரம்பித்தது. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போய்விட்டன. 1919இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார். தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். அது சரியில்லை. உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தார், தூரிகையை மற்றவர்கள் கையில் வைத்துக் கொடுத்தார்கள். கை எட்டாத பெரிய துணியில் வரைவதற்கு, அதை உருளையில் சுற்றி நகர்த்தும் ஏற்பாடு ஒன்றும் வைத்திருந்தார். எனக்கு அவர் படங்களைவிட அந்த உருளைதான் பிடித்திருக்கிறது. யாரோ உட்கார்ந்து, இந்தக் கைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறார்கள்.

என் உருளை ஒரு தடித்த பேனாவும் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மென்பொருளும்.

மார்ச் 10

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

திரும்பியதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது வலி இல்லை. "இலகுவான வேலை" என்று ஒன்று கொடுத்தார்கள். மாதக் கணக்கு முடிப்பது என் பொறுப்பாக இருந்தது. வங்கிக் கணக்கோடு நம் பேரேட்டை ஒப்பிட்டு, எங்கே ஒரு தொகை இடறுகிறது என்று கண்டுபிடிப்பது. பன்னிரண்டு வருடம் செய்த வேலை. திரும்பி வந்ததும் அதை எடுத்துவிட்டு, பழைய வவுச்சர்களுக்கு எண் போட்டு அடுக்கச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், என் மூட்டுக்கு வவுச்சர் அடுக்குவதுதான் பெரிய சித்திரவதை. நாள் முழுக்க விரல் நுனியால் காகிதம் பிரிப்பது! கணக்கு முடிப்பதற்குத் திரையும் மூளையும் போதும். இலகுவான வேலை என்று அவர்கள் நினைத்தது பொறுப்பு இல்லாத வேலை. என் உடம்புக்கு எது இலகு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டதே பெரிது, வாயை மூடிக்கொண்டு செய்வோம் என்று இருந்தேன்.

நான் பயிற்சி கொடுத்த பெண் இப்போது எனக்கு மேலே இருந்தாள். ஒருநாள் அவள் முடித்த கணக்கில் ஒரு தொகை இரண்டு முறை பதிவாகியிருந்தது, தூரத்திலிருந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். அன்று இரவுதான் எனக்கே பயம் வந்தது. தப்பைப் பார்த்தும் எழுந்து போகாத ஆளாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாள் போய்ச் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இரண்டு பேருமாகப் பார்த்தோம். அதற்கடுத்த மாதம் அவளே மேலாளரிடம் பேசி, கணக்கு முடிக்கும் நாளில் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். எனக்கு முடியாத நாளில் அவள் முடிப்பாள், எப்போதும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். வவுச்சர் வேறு ஒருவருக்குப் போனது. மூன்று மாதத்தில் என் விறைப்பு இருபது நிமிடமாகக் குறைந்தது. மருந்தும் காரணம், வேலை மாறியதும் காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பழைய இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் 19 மாதம் பின்னால்தான் இருக்கிறேன். அதற்காக இன்னும் துக்கம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் ஏன் முதலிலேயே கேட்கவில்லை" என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பயம்தான். ஒன்றரை வருடம் எதற்கும் பயன்படாமல் கிடந்தோம் என்ற எண்ணம் உள்ளே ஊறிவிட்டால், எது கொடுத்தாலும் நன்றி சொல்லத்தான் தோன்றும்.

மார்ச் 24

தம்பி இன்று வேலைக்குப் போயிருக்கிறார்! மூன்று மணி நேரம். மேசை இன்னும் வரவில்லையாம், இரண்டு அட்டைப் பெட்டிமேல் திரையை ஏற்றி வைத்து நின்றபடியே வரைந்தாராம். பிரிவில் எல்லோரும் வந்து அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். மேலாளர், மேசை வரும்வரை மூன்றாவது பெட்டி வேண்டுமா என்று கேட்டாராம். "அருமையாகப் போயிற்று அக்கா, நாளைக்கே முழு நாள் இருந்துவிடலாம் போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம், தம்பி. காலையிலிருந்து உங்கள் செய்திக்காகத்தான் காத்திருந்தேன். நாளைக்கும் மூன்று மணி நேரமே இருக்கட்டும். விடிந்து எழுந்ததும் முதுகு எத்தனை நிமிடம் விறைத்தது என்று முதலில் எழுதுங்கள். வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.